சிறிய அணியும் திடலில் இறங்க வேண்டும்

மாவட்ட அளவிலான காற்பந்துப் போட்டிக்கான கடிதம் வந்ததும், மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த ஆண்டு அணியை அனுப்பலாமா, வேண்டாமா?" பெரிய பள்ளிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நூறு பேரிலிருந்து பதினைந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். சிறிய பள்ளியிலோ அந்தப் பதினைந்து பேரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

பினாங்கில் அத்தகைய ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் நான் படித்தேன். ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் இருந்த பையன்கள் அனைவரையும் சேர்த்தால்தான் ஓர் அணி தேறும். ஒரு முறை போட்டிக்குப் போனோம். முதல் ஆட்டத்திலேயே ஒன்பது கோல் வாங்கினோம், ஒன்றுகூட அடிக்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் பேசவில்லை. கோல் காவலனாக நின்ற நண்பன், சன்னல் பக்கம் திரும்பிய முகத்தைத் திருப்பவே இல்லை. மறு ஆண்டு எங்கள் பள்ளி அணியை அனுப்பவில்லை. "பிள்ளைகள் ஏன் வீணாக அவமானப்பட வேண்டும்?" என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அன்று எங்களுக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

எங்கள் மீதிருந்த அக்கறையால்தான் அவர்கள் அவ்வாறு முடிவெடுத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அம்முடிவு தவறு என்பதே இன்று என் கருத்து. ஓர் அணி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எவ்வளவு பலவீனமானதாக இருந்தாலும், அது திடலில் இறங்க வேண்டும். தோற்பது அவமானம் அன்று. தோற்றுவிடுவோம் என்று அஞ்சித் திடலுக்கே போகாமல் இருப்பதுதான் பேரிழப்பு. இக்கருத்துக்கு வலுச் சேர்க்கும் கதை ஒன்று பசிபிக் பெருங்கடலில் நடந்தது.

அமெரிக்கச் சமோவா என்பது தென் பசிபிக்கில் உள்ள ஒரு தீவுக்கூட்டம். அதன் மொத்தப் பரப்பளவு ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைவிடச் சிறியது. மக்கள்தொகை 60,000க்கும் குறைவு. அரசியல் அடிப்படையில் அது அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. எனினும், காற்பந்தில் அதற்குத் தனி அணி உண்டு. 1998ஆம் ஆண்டில் அது ஃபிஃபா எனப்படும் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தில் உறுப்பியம் பெற்றது. அங்குள்ள இளைஞர்கள் அமெரிக்கக் காற்பந்தையும் ரக்பியையுமே பெரிதும் விரும்பி விளையாடுகிறார்கள். நாம் ஆடும் காற்பந்துக்கு அங்கே அவற்றிற்குப் பிறகுதான் இடம்.

2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்காக அந்த அணி ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர் நகருக்குச் சென்றது. புறப்படும் முன்பே பெரிய சிக்கல் எழுந்தது. அமெரிக்கக் கடப்பிதழ் உள்ளவர்கள் மட்டுமே அந்த அணிக்காக ஆட முடியும் என்று ஃபிஃபா அறிவித்தது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இருபது பேரில், கோல் காவலர் நிக்கி சாலாப்பு ஒருவருக்குத்தான் அந்தத் தகுதி இருந்தது. 20 வயதுக்கு உட்பட்டோர் அணியிலிருந்தாவது ஆட்டக்காரர்களை அழைக்கலாம் என்றால், அவர்களுள் பலருக்குப் பள்ளித் தேர்வு. ஒருவழியாக ஓர் அணியைத் திரட்டினார்கள். அதில் 15 வயதுடையவர்கள் மூவர் இருந்தனர். முழுமையாகத் தொண்ணூறு நிமிடம் ஓர் ஆட்டத்தை ஆடிப் பழகாதவர்களும் இருந்தனர்.

ஏப்ரல் 11ஆம் நாள் அவர்கள் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடினார்கள். முதல் பத்து நிமிடம் வரை கோல் விழவில்லை. அதன்பிறகு நிற்கவே இல்லை. ஆட்டம் முடிந்தபோது ஆஸ்திரேலியா 31 கோல், அமெரிக்கச் சமோவா 0. ஆர்ச்சி தாம்சன் என்ற ஓர் ஆட்டக்காரர் மட்டுமே 13 கோல்களைப் போட்டார். எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டியவர்களே குழம்பிப்போய், அறிவிப்புப் பலகையில் 32 என்று காட்டிப் பின்னர் திருத்தினார்கள். அனைத்துலக ஆட்டங்களின் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய தோல்வியாகப் பதிவானது. உலகம் முழுவதும் நாளேடுகள் அச்செய்தியை வெளியிட்டன. பலர் சிரித்தார்கள்.

அந்த அணி அத்துடன் கலைந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால், அது கலையவில்லை. அடுத்தடுத்த போட்டிகளுக்கு வந்தது. வந்தது மட்டுமன்று, தோற்றது. மீண்டும் வந்தது, மீண்டும் தோற்றது. ஃபிஃபாவில் சேர்ந்த பிறகு ஆடிய ஆட்டங்கள் அனைத்திலும் அதற்குத் தோல்வியே கிடைத்தது. உலகத் தரவரிசையில் அதன் பெயர் அடிமட்டத்திலேயே கிடந்தது.

2011ஆம் ஆண்டு நவம்பரில், அடுத்த உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்று அண்டை நாடான சமோவாவில் நடைபெற்றது. தாமஸ் ரோங்கன் என்ற பயிற்றுநர் மூன்று வாரங்களுக்கு முன்புதான் அணியின் பொறுப்பை ஏற்றிருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் 31 கோல் வாங்கிய அதே நிக்கி சாலாப்பு, அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து மீண்டும் கோல் கம்பங்களுக்கு இடையே நின்றார். நவம்பர் 22ஆம் நாள் தொங்கா அணியை எதிர்த்து ஆட்டம். இரண்டு கோல்களைப் போட்டு அமெரிக்கச் சமோவா முன்னணி வகித்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது தொங்கா ஒரு கோலைப் போட்டது. கடைசி விசில் ஒலிக்கும் வரை சாலாப்பு தம் கோலைக் காத்தார். 2–1. ஃபிஃபாவில் சேர்ந்த பிறகு அந்த அணி பெற்ற முதல் வெற்றி அது. இரண்டு நாள் கழித்துக் குக் தீவுகளுடன் ஆடி 1–1 எனச் சமநிலை கண்டது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது வெற்றியை மட்டுமன்று. 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டுகளில் எவரேனும் ஒருவர், "வேண்டாம், போதும், இனி அணியை அனுப்ப மாட்டோம்" என்று முடிவெடுத்திருந்தால், 2011 என்ற ஆண்டே அவர்களுக்குக் கிடைத்திருக்காது. அப்படியானால், நிக்கி சாலாப்புவின் பெயர் 31 என்ற எண்ணோடு மட்டுமே நின்றுபோயிருக்கும்.

இது எங்கோ தொலைவில் நடந்த கதைதானே என்று சிலர் நினைக்கலாம். நம் பினாங்கு அணியின் வரலாற்றையே சற்றுப் பார்ப்போம். 1921ஆம் ஆண்டில் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் நினைவாகத் தொடங்கப்பட்ட கிண்ணப் போட்டியே இன்று மலேசியக் கிண்ணம் என்ற பெயரில் நடைபெறுகிறது. அதில் பினாங்கு நான்கு முறை வாகை சூடியுள்ளது: 1953, 1954, 1958, 1974. கடைசியாகப் பேராவை வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது வாலிபர்களாக இருந்தவர்கள், இன்று பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அக்கிண்ணம் மீண்டும் பாலம் கடந்து தீவுக்கு வரவில்லை. உண்மையில், 1974இல் பாலமே இல்லை. கிண்ணம் வந்தபோது கடல் கடந்துதான் வந்திருக்க வேண்டும்!

2001இல் நாட்டின் முதல்நிலை லீக்கை வென்ற பினாங்கு, அதன்பின் மெல்ல மெல்லச் சரிந்தது. 2013ஆம் ஆண்டில் அது மூன்றாம் நிலை லீக்கில் ஆட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. மலேசியக் கிண்ணத்தை வென்ற ஓர் அணிக்கு இதைவிடப் பெரிய சறுக்கல் இருக்க முடியுமா? ஜோர்ஜ்டவுனில் லோரோங் கூலிட் சந்தையை ஒட்டியிருக்கும் நகர விளையாட்டரங்கில், ஒரு காலத்தில் 'கெராமாட் முழக்கம்' என்று பெயர் பெற்ற ஆரவாரம் அடங்கிக் கிடந்தது. ஆனாலும், அணி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டம் பார்க்க வந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் இரவு, அதே நகர விளையாட்டரங்கில், பகாங் அணிக்கு எதிரான சூப்பர் லீக் ஆட்டத்தில், கெடாவில் பிறந்த முகமது ஃபைஸ் சுப்ரி ஒரு தனியுதை உதைத்தார். கோலிலிருந்து ஏறக்குறைய 35 மீட்டர் தொலைவு. பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், காற்றிலேயே மறுபக்கம் வளைந்து வலைக்குள் புகுந்தது. உலகில் அவ்வாண்டு போடப்பட்ட மிக அழகிய கோலுக்கான புஸ்காஸ் விருது அதற்குக் கிடைத்தது. 2017 ஜனவரியில் சூரிக் நகரின் மேடையில் ஏறி அவ்விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. ஐரோப்பாவின் பெரிய குழுக்களின் கோல்கள் இருக்க, நம் தீவின் திடலில் போடப்பட்ட கோலை உலகம் கொண்டாடியது. பினாங்கு அணி மூன்றாம் நிலை லீக்கில் ஆட வெட்கப்பட்டு ஒதுங்கியிருந்தால், அந்தக் கோல் எங்கே விழுந்திருக்கும்?

அதற்குப் பிறகு எல்லாம் இனிதாக முடிந்தது என்று சொல்ல முடியாது. விருது கிடைத்த அதே 2017ஆம் ஆண்டில் பினாங்கு அணி சூப்பர் லீக்கில் கடைசி இடம் பெற்றுக் கீழே இறங்கியது. 2020இல் இரண்டாம் நிலை லீக்கின் வெற்றியாளராகி மேலே ஏறியது. 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. ஏறுவதும் இறங்குவதுமாகவே ஓர் அணியின் வாழ்க்கை அமைகிறது. அப்படி ஏறி இறங்குவதற்குக்கூட, முதலில் பெயர்ப்பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும்.

நம் தேசிய அணியும் இதற்கு விலக்கன்று. ஆர். ஆறுமுகம் கோல் காவலராக நின்ற மலேசிய அணி, 1980இல் தென் கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அதே நாட்டின் அணி 2015 செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0–10 எனத் தோற்றது. அன்று தலைகுனிந்த மலேசியர் பலர். 2024 ஜனவரியில், கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் மலேசியா முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பும் பறிபோனது. மூன்றாவது ஆட்டம் ஆசியாவின் வலிமைமிக்க அணிகளுள் ஒன்றான தென் கொரியாவுடன். அந்த ஆட்டத்தில் கூடுதல் நேரத்தின் கடைசிக் கட்டத்தில் கோல் போட்டு 3–3 எனச் சமன் செய்தது. அந்த ஒரு புள்ளியால் பயன் ஏதுமில்லை. அணி மறுநாளே வீடு திரும்ப வேண்டியதுதான். ஆயினும், அந்தக் கோலைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காத வீடு நம் நாட்டில் உண்டா?

மேற்கண்ட மூன்று அணிகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. திடலில் இருப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு வரும். இதனைப் பள்ளி அணிக்கும் பொருத்திப் பார்க்கலாம். எங்கள் பள்ளி போட்டியிலிருந்து விலகிய ஆண்டில், மாலைப் பயிற்சி நின்றுபோனது. பயிற்சி நின்றதும் பந்துகள் காற்றிறங்கிப் பொருளறையில் கிடந்தன. அண்ணன்மார்கள் ஆடுவதைத் திடலோரம் நின்று பார்த்த நான்காம் ஆண்டுப் பையன்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது. எங்களுள் உண்மையாகவே வேகமாக ஓடக்கூடிய ஒருவன் இருந்தான். மாவட்ட அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்கள் திடலில் ஆடுபவர்களைத்தான் பார்ப்பார்கள். பள்ளியில் அமர்ந்திருப்பவனை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒன்பது கோல்களின் வலி ஒரு வாரத்தில் ஆறியது. அந்த இழப்புகள் ஆறவில்லை.

இக்கருத்தை ஏற்காதவர்களும் உள்ளனர். "பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பெரிய அணியிடம் அனுப்பி, பத்து, பதினைந்து கோல் வாங்க வைப்பது மனத்தைக் காயப்படுத்தாதா?" என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. தோல்வி தானாகவே எவருக்கும் பாடம் கற்பித்துவிடாது. பயிற்சியே இல்லாமல் அனுப்பப்பட்டு, தோற்றபின் ஏளனம் செய்யப்படும் பிள்ளை, காற்பந்தை மட்டுமன்று, முயற்சியையே வெறுத்துவிடக்கூடும். ஆனால், அதற்குத் தீர்வு அணியை விலக்கிக்கொள்வதன்று. போட்டியையும் ஆயத்தத்தையும் சீர்செய்வதே ஆகும்.

இதிலும் பசிபிக் தீவுகள் நமக்கு வழி காட்டுகின்றன. 31 கோல் ஆட்டத்துக்குப் பிறகு, ஓசியானியாவின் அடுத்த தகுதிச் சுற்று மாற்றியமைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முதற்கட்டத்தில் ஆடவில்லை. சிறிய தீவுகள் முதலில் தங்களுக்குள் ஆடின. நம் மாவட்டப் போட்டிகளிலும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிகளைப் பிரித்து முதற்கட்ட ஆட்டங்களை நடத்தலாம். சிறிய பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து மாதம் ஒரு முறை நட்புமுறை ஆட்டங்கள் ஆடலாம். பள்ளி முன்னாள் மாணவர்கள் சனிக்கிழமைக் காலையில் வந்து பயிற்சி அளிக்கலாம். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை; மனம்தான் தேவை.

பெற்றோருக்கும் பங்குண்டு. தோற்று வந்த பிள்ளையிடம் "எத்தனை கோல் வாங்கினாய்?" என்று கேட்பதற்கு மாறாக, "எத்தனை கோலைத் தடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அன்று பேருந்தில் சன்னல் பக்கம் திரும்பியபடி வந்த என் நண்பன் ஒன்பது கோல்களை விட்டான் என்பது உண்மை. அதைவிட அதிகமான பந்துகளைப் பாய்ந்து பாய்ந்து தடுத்தான் என்பதும் உண்மை. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவனுக்கு மறு ஆண்டு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தால் அவன் ஆறு கோல்தான் விட்டிருப்பானோ, என்னவோ! ஒன்பது ஆறாகக் குறைவதும் ஒரு வகையில் வெற்றிதானே? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

மாணவர்களாகிய நீங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. இன்று நம்மில் பலர் ஐரோப்பியக் குழுக்களின் ஜெர்சியை அணிந்துகொண்டு, பின்னிரவு வரை விழித்திருந்து அவற்றின் ஆட்டங்களைப் பார்க்கிறோம். அதில் தவறில்லை. ஆனால், எப்போதும் வெல்லும் அணியை ஆதரிப்பது எளிது. தடுமாறும் சொந்த மாநில அணிக்காக ஒரு மாலை விளையாட்டரங்கின் படிகளில் அமர்ந்து குரல் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பள்ளி அணி ஆடும் நாளில் திடலோரம் போய் நில்லுங்கள். அது ஐந்து கோல் பின்தங்கியிருக்கும்போதும் அங்கேயே நில்லுங்கள். அணி என்பது ஆடும் பதினொரு பேர் மட்டுமன்று என்பது அப்போது விளங்கும்.

அடுத்த ஆண்டும் அந்தக் கடிதம் வரும். உங்கள் பள்ளி சிறியதாக இருக்கலாம். காலணி எல்லாருக்கும் ஒரே நிறத்தில் இல்லாமல் இருக்கலாம். எதிரணியினர் உங்களைவிட உயரமாக இருக்கலாம். "அணியை அனுப்பலாமா?" என்று ஆசிரியர் கேட்கும்போது, தயங்காமல் கையை உயர்த்துங்கள். பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயரை எழுதுங்கள். மற்றவற்றைத் திடலில் பார்த்துக்கொள்ளலாம்.